க்யூ கேஸ் வாங்கும் முன், தைக்கக் கொடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூல் என்ற பில்லியர்ட்ஸ் வகை மேஜை ஆட்டத்தை ஆட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே எல்லோரும் சொந்தமாக ஒரு க்யூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வாங்கிவிடுகிறார்கள். அதை எதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது என்பதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் பல வருடங்களாக ஆடுகிறேன். கடந்த சில வருடங்களாக நண்பர்களுக்கு கேஸ் தைத்தும் கொடுக்கிறேன். மேஜை ஓரத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் நான்கு வார்த்தைகள். பட் என்பது கையில் பிடிக்கும் கனமான பாதி. ஷாஃப்ட் என்பது மெல்லிய மேல்பாதி. அதன் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வட்டம் டிப். பட்டும் ஷாஃப்டும் திருகிச் சேரும் இடம் ஜாயின்ட்.

க்யூ வாங்கும்போது கடையில் ஒரு பை கொடுத்தார்கள். அது போதாதா?

போதாது. என் முதல் க்யூவுக்கும் அப்படித்தான் ஒரு மெல்லிய ரெக்சின் பை கிடைத்தது. உள்ளே தடுப்பு எதுவும் இல்லை, இரண்டு பாதியும் ஒரே அறையில் கிடக்கும். பட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீல் திருகு, பைக்கில் போகிற வழியெல்லாம் ஷாஃப்டை முட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்றாவது வாரம் ஆடும்போது, விரல் வளையத்துக்குள் ஷாஃப்ட் ஓடுகையில் ஏதோ தட்டியது. விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். டிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கடுகளவு ஒரு பள்ளம். அதன் பிறகு ஒவ்வொரு அடியிலும் அந்தக் கடுகு விரலைத் தொட்டுக்கொண்டே இருந்தது. மனம் பந்தில் நிற்கவில்லை.

ஈரப் பஞ்சை அந்த இடத்தில் வைத்துக் கட்டி, நார் ஊதி எழும்பும்படி செய்து, மெல்ல இழைத்துச் சரிசெய்ய முடிந்தது. ஆனால் இழைக்க இழைக்க ஷாஃப்ட் மெலியும். அப்படி எத்தனை முறை செய்ய முடியும்? கேஸுக்கு முதல் வேலை அழகு இல்லை. க்யூவின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைத் தொடக்கூடாது, எதுவும் ஆடக்கூடாது. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

1×1, 1×2, 2×4 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அது என்ன?

முதல் எண் எத்தனை பட் வைக்கலாம் என்பது, இரண்டாவது எண் எத்தனை ஷாஃப்ட். 2×4 என்றால் இரண்டு பட், நான்கு ஷாஃப்ட். சில கடைகள் மொத்த அறைகளைக் கூட்டி ‘6 ஹோல்’ என்று விற்பார்கள். அங்கே எத்தனை பட்டுக்கான அறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷாஃப்டுக்காகச் செய்த ஒடுங்கிய துளையில் பட் இறங்காது.

அப்படியென்றால் எனக்கு எது சரி?

இன்று உங்களிடம் ஒரே ஒரு க்யூ இருந்தாலும் 1×1 வாங்காதீர்கள். ஆட்டம் பிடித்துப்போனால் அடுத்து பிரேக் அடிக்க ஒரு க்யூ வரும். முதல் அடியில் பதினைந்து பந்துகளின் மேல் விழும் வேகத்தை உங்கள் நல்ல டிப்பின் மேல் போடக்கூடாது என்று சீக்கிரமே புரிந்துவிடும். ஆகவே 2×2 குறைந்தபட்சம், 2×4 நிம்மதி. பந்தைத் துள்ளவைத்து அடிக்கும் ஜம்ப் க்யூ தனியாக வைத்திருப்பவர்களுக்கு 3×5 போன்றவை இருக்கின்றன. ஆனால் அவை கனம். நான்கு பட், எட்டு ஷாஃப்ட் கொள்ளும் 4×8 கேஸை வாரக் கடைசி ஆட்டத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறிப் பாருங்கள், தெரியும். ஒரு க்யூ சுமார் 540 கிராம்தான். கனம் சேருவது கேஸால்.

என்னென்ன வகை உண்டு?

துணியோ ரெக்சினோ வைத்துத் தைத்த மென்மையான பை, சூட்கேஸ் மாதிரி பக்கவாட்டில் திறக்கும் பெட்டி, மேலிருந்து செருகும் கடினமான நீளக் கேஸ். பெட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே ஃபோமில் வெட்டிய பள்ளம் உங்கள் க்யூவின் பருமனுக்குப் பொருந்தாவிட்டால் லொடலொடவென்று ஆடும். தாழ்ப்பாள் தவறுதலாகத் திறந்துகொண்டால் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில். தினமும் தூக்கிப்போகிறவர்களுக்கு நான் மேலிருந்து செருகும் கடினமான கேஸைத்தான் சொல்வேன்.

உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருப்பது நல்லதா, மெத்தென்ற துணி அறை இருப்பது நல்லதா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் கேஸ் விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது என்பது என் எண்ணம்.

குழாய் வைத்த கேஸில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தனிக் குழாய். வெளியிலிருந்து நெரித்தாலும், ரயிலில் யாராவது மேலே உட்கார்ந்தாலும் க்யூவுக்கு ஒன்றும் ஆகாது. குறை என்னவென்றால் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம். க்யூ அப்படி இல்லை. பட் அடியில் 32 மில்லிமீட்டர் அளவு இருக்கும், ஜாயின்டுக்கு வரும்போது 21, 22 ஆகிவிடும். ஷாஃப்ட் அங்கிருந்து ஒடுங்கி டிப்பில் 12, 13 மில்லிமீட்டரில் முடியும். பெரிய பக்கத்துக்குப் பொருந்தும் குழாயில் சின்னப் பக்கம் மணியின் நாக்கு மாதிரி ஆடும். நடக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்பது அதுதான். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் மரத்தின் மேல் விழும் ஒரு சின்ன அடி.

துணி அறை என்பது குழாய்க்குப் பதிலாக, உள்ளே மெல்லிய ஃபோம் வைத்துத் தைத்த ஒடுங்கிய பாக்கெட். அது க்யூவின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மேலேயும் பிடிக்கும், நடுவிலும் பிடிக்கும். சுற்றிலும் வெளிக்கூடு கடினமாக இருந்தால் இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு இல்லை. கூடு தொளதொளவென்று இருந்தால் உள்ளே எவ்வளவு மெத்தை வைத்தாலும் மடங்கினால் ஷாஃப்டும் சேர்ந்து மடங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. குழாயின் உள்சுவரில் ஃபெல்ட் ஒட்டி, வாயருகே மட்டும் கொஞ்சம் தடிமனான ஒரு வளையம் வைப்பது. நான் தைக்கும் கேஸ்களில் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். எளிதில் கெடாது, சத்தமும் வராது.

உள்துணிக்கு நீண்ட முடி உள்ள வெல்வெட்டைத் தவிர்த்துவிடுங்கள். டிப்பில் தடவும் சாக்கின் (chalk) மாவு அதில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, போகப் போக உப்புத்தாள் மாதிரி ஷாஃப்டைத் தேய்க்கும்.

டிப் மேலே இருக்கவேண்டுமா, கீழேயா?

இரண்டு விதமாகவும் வைக்கிறார்கள். நான் மேலே வைப்பேன். ஷாஃப்டின் எடை சுமார் 110 கிராம். டிப்பைக் கீழே வைத்தால் வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அந்த எடை தோல் டிப்பின் மேல் விழுகிறது. சாக்கு மாவும் குழாயின் அடியில் சேர்ந்துகொண்டே போகும். டிப்பை மேலே வைக்கிறவர்கள் ஜாயின்டுக்கு மூடி போடாமல் செருகக்கூடாது. அந்தச் சின்ன மூடி இல்லாமல் திருகின் மரை அடிபட்டால், ஷாஃப்ட் நேராக உட்காராது.

தைக்கக் கொடுக்கப்போகிறேன். அளவு எப்படி எடுப்பது?

க்யூவைக் கழற்றி, மூடிகளைப் போட்டு, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக அளக்கவும். மூடி இல்லாமல் அளந்துவிட்டு அப்புறம் கேஸ் மூடவில்லை என்று வந்தவர்கள் நிறையப் பேர்.

வழக்கமான பூல் க்யூ 58 அங்குலம், ஆகவே ஒவ்வொரு பாதியும் 29 அங்குலம், அதாவது 737 மில்லிமீட்டர். மூடிக்கு ஒரு 25 சேருங்கள். அடியில் வைக்கும் ஃபோமுக்கு 15. மேல்மூடிக்கும் க்யூவுக்கும் நடுவே 10. மொத்தம் 787, அதை 790 என்று வைத்துக்கொள்ளலாம். இது உள்நீளம். 30 அங்குல ஷாஃப்டும் சந்தையில் இருக்கிறது. உங்களிடம் இல்லாவிட்டாலும் நாளைக்கு வரலாம் என்று நினைத்தால் 815 வைத்துவிடுங்கள். சின்னதை நீளமான அறையில் அடியில் ஒரு ஃபோம் துண்டு போட்டு உயர்த்திவிடலாம். நீளமானதைச் சின்ன அறையில் எதுவும் செய்யமுடியாது. பட்டின் பின்னால் நீளம் கூட்டும் எக்ஸ்டென்ஷன் மாட்டி அப்படியே விட்டுவைக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதையும் சேர்த்து அளக்கவேண்டும்.

அகலத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2×4 கேஸுக்கு 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் இரண்டு, 32 மில்லிமீட்டர் குழாய் நான்கு. ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் பட் குழாய், இரண்டு பக்கமும் ஷாஃப்ட் குழாய். அப்படி இரண்டு வரிசை. அகலம் 32, 40, 32 சேர்த்து 104. ஆழம் 40, 40 சேர்த்து 80. இதற்கு மேல் ஃபோமும் தோலும். உங்கள் கையைக் கேஸின் மேல் வைத்தால் சுற்றிப் பிடிக்க முடியாத அளவு பருமன்தான், ஆனால் முதுகில் சுமக்கலாம்.

வீட்டிலேயே பிவிசி குழாயில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. தண்ணீர்க் குழாய் விற்கும் கடையிலேயே மேலே சொன்ன 40, 32 அளவுகள் கிடைக்கும். சுவரின் தடிமன் குழாயின் ரகத்துக்குத் தகுந்தபடி மாறும், அதனால் கடைக்குப் போகும்போது க்யூவையும் கையோடு எடுத்துப் போங்கள். பட்டின் அடிப்பக்கம் உள்ளே போய், சுற்றிலும் ஒரு ஃபெல்ட் துணிக்கு இடம் இருந்தால் போதும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து மழுக்கிவிடவேண்டும். தேய்க்காத விளிம்பு பளபளப்புப் பூச்சைச் சுரண்டிவிடும்.

ஃபெல்ட் ஒட்ட செருப்பு தைக்கும் இடங்களில் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசையே நல்லது. ஒட்டியபின் நான்கைந்து நாள் திறந்தே வையுங்கள். பசையின் வாடை முழுக்கப் போகுமுன் க்யூவை உள்ளே வைத்து மூடினால், அந்த ஆவி பூச்சைப் பிசுபிசுப்பாக்க வாய்ப்பு உண்டு. இதே காரணத்துக்காக மெத்தென்ற ரெக்சினும் ரப்பரும் க்யூவை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க விடமாட்டேன். அவற்றை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து சில வகைப் பூச்சுகளுக்குள் இறங்கிவிடும். பழைய கிதார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

என்னிடம் இருப்பது ஸ்னூக்கர் க்யூ. பூல் கேஸில் வைக்கலாமா?

நடுவில் கழலும் க்யூ என்றால் வைக்கலாம். ஆனால் நம் ஊரில் ஸ்னூக்கர் ஆடுகிறவர்களிடம் அதிகம் இருப்பது முக்கால் ஜாயின்ட் க்யூ. அதன் ஷாஃப்ட் பாதி மட்டும் 40 அங்குலத்தைத் தாண்டும், எந்தப் பூல் கேஸிலும் நுழையாது. அதற்கென்று ஒடுங்கிய நீளப் பெட்டி வருகிறது. லிவர்பூலில் 1885-லிருந்து இருக்கும் பெரடான் போன்ற பழைய நிறுவனங்கள் க்யூவோடு இந்தப் பெட்டிகளையும் விற்கின்றன. ஒரே துண்டாக உள்ள க்யூவுக்கு ஐந்து அடிப் பெட்டி.

தமிழ்நாட்டில் ஸ்னூக்கர் பழக்கம் ஆழமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டத்துக்கு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகளை எழுதி மாட்டினார்கள். அந்தக் காலத்து ஒற்றைத் துண்டு க்யூக்களை நீளமான தகரக் குழாயில் போட்டு, மேலே கறுப்பு வண்ணம் அடித்து, உறுப்பினர் பெயரை எழுதி, பூட்டுப் போட்டு வைப்பார்கள். அந்தத் தகரக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே மெத்தை கிடையாது, ஃபெல்ட் கிடையாது. கிளப்பின் சுவரை விட்டு அது எங்கும் போனதில்லை, ஆகவே தேவைப்படவும் இல்லை. நம் கேஸ் ஸ்பீடு பிரேக்கர் மேலெல்லாம் ஏறி இறங்குகிறது.

தோல் கேஸ் வாங்கலாமா? செயற்கைத் தோலே போதுமா?

பாதுகாப்பு மட்டும் போதும் என்றால் நல்ல நைலான் துணியே போதும், எடையும் குறைவு. தோல் ஆசைக்கு. அந்த ஆசை எனக்கும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோலில் பெரிய பிரிவு இரண்டு. குரோம் உப்பால் பதப்படுத்தியது மென்மையாக, மடிப்பு விழுந்தாலும் திரும்பி வரும். கைப்பைகள், காலணிகளின் மேல்தோல் பெரும்பாலும் அதுதான். மரப்பட்டை, காய்களால் பதப்படுத்தியது விறைப்பாக இருக்கும், நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் குதிரைச் சேணம் செய்கிற மாதிரி பூவும் கொடியும் செதுக்கிய க்யூ கேஸ்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தச் செதுக்கு வேலை பட்டைத் தோலில் மட்டுமே நிற்கும். குரோம் தோலில் எவ்வளவு அழுத்தினாலும் மறுநாள் மறைந்துவிடும்.

பட்டைத் தோல் நமக்குப் புதியது இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தி திண்டுக்கல், திருச்சி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து கப்பலேறிய தோலுக்கு உலகச் சந்தையில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சென்னையில் பெரியமேட்டுத் தெருக்களில் நடந்தால் கடைக்குக் கடை தோலைச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். எந்தத் தோல் வேண்டும், என்ன தடிமன் என்று தெரிந்து போனால் வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. வெளிச்சட்டைக்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர், பாக்கெட்டுகளுக்கு 1.5 போதும்.

அங்கே பை தைக்கும் ஒரு பாயிடம் என் முதல் தோல் கேஸுக்காகப் போனேன். நான் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்தார், மடித்து என் கையிலேயே கொடுத்தார். “தம்பி, படம் இருக்கட்டும். உள்ளே போற சாமானைக் கொண்டாங்க” என்றார். மறுநாள் க்யூவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் குழாயோடு சேர்த்துத் தோலில் சுற்றி, கையால் இறுக்கி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். பிறகு என் பையில் இருந்த இரும்புத் திருகுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பித்தளைத் திருகு வாங்கி வரச்சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, வெட்டிப்போட்ட ஒரு தோல் துண்டை நனைத்து அதன் மேல் ஓர் இரும்பு ஆணியை வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து ஆணியை எடுத்தோம். அது இருந்த இடத்தில் மை ஊற்றியது போல ஒரு கறுப்புக் கோடு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான், பழைய காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். வியர்வையும் மழையும் படும் கேஸில் இரும்பு ஆணி எத்தனை இருக்கிறதோ அத்தனை கறுப்புப் புள்ளி வரும்.

தோல் கேஸுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டால் பளபளக்குமா?

போடாதீர்கள். முதல் நாள் பளபளக்கும், தோல் தளர்ந்து விறைப்பு போகும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நிறமில்லாத ஷூ கிரீம் துளி எடுத்து, வருடத்துக்கு இரண்டு முறை, உலர்ந்த துணியால் தேய்த்தால் போதும்.

தோள் வார் அறுந்து விழுமா?

வார் அறுவது அபூர்வம். அது கேஸோடு சேரும் இடம்தான் பிய்யும். தையல் மட்டும் போட்டிருந்தால் சில மாதம் ஓடும், ஒருநாள் படியில் இறங்கும்போது துளைகளின் வரிசையில் தோல் கிழியும். அந்த இடத்தில் உள்பக்கம் இன்னொரு தோல் துண்டு வைத்து, தையலோடு பித்தளை ரிவெட்டும் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பருத்தி நூல் வியர்வையில் மக்கும், நைலான் நூல் கேளுங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார் போதாது, முதுகுப்பை மாதிரி இரண்டு வேண்டும். ஒற்றை வாரில் தொங்கும் 85 சென்டிமீட்டர் கேஸ், திரும்பும்போது சக்கரப் பக்கம் ஊசலாடும். முக்கால் ஜாயின்ட் பெட்டி 110 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அதை முதுகில் நிறுத்திக் கட்டினால் ஹெல்மெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப் போனவர் ஒருவரின் பெட்டி தாழ்ந்த வேப்பங்கிளையில் மாட்டி, அவர் பின்பக்கமாக இழுபட்டதை நேரில் பார்த்தேன். அடி பெரிதில்லை என்பது அதிர்ஷ்டம். நீளப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆட்டோவிலோ காரிலோ போங்கள்.

ஜிப்பில் என்ன பார்க்கவேண்டும்?

ஜிப்பின் எண், ஏறத்தாழ அதன் பல்வரிசையின் அகலம் மில்லிமீட்டரில். பாக்கெட்டுக்கு 5 போதும், மூடிக்கு 8 அல்லது 10 இருக்கட்டும். ஜிப்பின் இரும்பு நாக்கு உள்பக்கம் தொங்கி க்யூவை உரசாமல் ஒரு மடிப்புத் துணி இருக்கவேண்டும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எப்படிச் சோதிப்பது?

உங்கள் க்யூவை எடுத்துப் போங்கள். முடியாது என்று சொல்லும் கடை வேண்டாம். உள்ளே வைத்து மூடி, காதருகே கொண்டுவந்து குலுக்குங்கள். சத்தம் வந்தால் கீழே வைத்துவிடலாம். அடுத்து, தரையில் ஒரு துணியை விரித்து அதன் மேல் மூடியைத் திறந்து, மெல்லக் கவிழ்த்துப் பாருங்கள். ஷாஃப்ட் சரேலென்று விழக்கூடாது, தயங்கித் தயங்கி நழுவவேண்டும். க்யூக்கள் உடைவது பெரும்பாலும் விபத்தில் இல்லை. மூடியைப் போட மறந்து, கேஸை முதுகில் மாட்டி, செருப்பு மாட்டக் குனியும்போதுதான். கடைசியாக, காலி கேஸின் நடுவில் முழங்காலை வைத்து அழுத்துங்கள். வளைந்தால் அது பை, கேஸ் இல்லை.

காரிலேயே வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். வெளியே 35 டிகிரி என்றால் வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 60 டிகிரியை நெருங்கிவிடும். டிப் ஒட்டிய பசை இளகும், மரத்தில் உள்ள ஈரம் ஒரு பக்கமாக வெளியேறி ஷாஃப்ட் வளையும். எந்தக் கேஸும் இதைத் தடுக்காது, சூடு ஏறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கறுப்புக் கேஸ் அதைக்கூடச் செய்யாது. அலுவலகத்துக்கு உள்ளே எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

காற்று ஈரமாக இருந்தால் மரம் ஈரத்தை வாங்கும், உலர்ந்தால் விடும். அது மெல்ல நடந்தால் கெடுதல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெளியே அடைமழை, கிளப்பில் ஏசி, மறுபடி மழை என்று ஒரே நாளில் மாறி மாறி நடப்பதுதான் கெடுதல். நன்றாக மூடும் கேஸ் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும். ஏசி அறையிலிருந்து வந்ததும் கேஸை உடனே திறக்காமல் கால்மணி நேரம் அப்படியே வையுங்கள்.

ஒரு சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் பாக்கெட்டில் இருக்கட்டும். நான்கைந்து பொட்டலங்களை அடைக்கவேண்டாம், மரத்தை அளவுக்கு மேல் உலர்த்துவதும் தவறு. வியர்த்த கையுறையையும் ஈரத் துண்டையும் கேஸுக்குள் திணிப்பவர்கள்தான் அதிகம் பூஞ்சையைப் பார்க்கிறார்கள். அவற்றுக்கு வெளியே தனியாக ஒரு வலைத்துணிப் பாக்கெட் தைக்கச் சொல்லுங்கள், காற்று ஓடும்.

என் ஷாஃப்ட் கார்பன் ஃபைபர். அது வளையாதே, கேஸ் எதற்கு?

ஷாஃப்ட் வளையாது, சரி. பட் மரம்தானே. டிப்பும் பசையும் கார்பனுக்கும் அதேதான்.

விமானத்தில் எடுத்துப் போகலாமா?

கையோடு கேபினுக்குள் விடமாட்டார்கள். பூல் க்யூ, அடிக்கப் பயன்படும் கட்டை என்ற வகையில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் தடைப் பட்டியலில் இருக்கிறது. செக்-இன் பெட்டியில்தான் போகவேண்டும். ஒடுங்கிய 1×2 கேஸ் சுமார் 80 சென்டிமீட்டர். 75க்கு 50 அளவுள்ள பெரிய சூட்கேஸின் மூலைவிட்டம் 90 சென்டிமீட்டர், ஆகவே சாய்த்து வைத்தால் உள்ளே உட்கார்ந்துவிடும். சுற்றிலும் துணிகளை அடைத்துவிட்டால் அதைவிட நல்ல மெத்தை இல்லை. என் 2×4 கேஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, வெளியூர் ஆட்டங்களுக்கு இந்த ஒடுங்கிய கேஸைத்தான் எடுத்துப் போகிறேன். ரயிலில் மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் போதும். சீட்டுக்கு அடியில் தள்ளினால் ராத்திரி யாருடைய ட்ரங்குப் பெட்டி அதன் மேல் ஏறும் என்று தெரியாது.

எவ்வளவு செலவழிப்பது நியாயம்?

க்யூ விலையில் நான்கில் ஒரு பங்கு வரை என்பது என் கணக்கு. விலை குறைந்த க்யூ என்றால் அந்தக் கணக்கைப் பார்க்காமல் கொஞ்சம் கூடவே போடுங்கள், க்யூ மாறும், கேஸ் கூடவே வரும்.

தைக்கிறவரிடம் என்ன சொல்லவேண்டும்?

உங்கள் க்யூவைக் கொடுங்கள், அளவுத்தாளை மட்டும் கொடுக்காதீர்கள். எந்தக் கையால் திறப்பீர்கள் என்று சொல்லுங்கள். வலது தோளில் மாட்டுகிறவருக்கு மூடி எந்தப் பக்கம் திறக்கவேண்டும், பாக்கெட் உடம்போடு ஒட்டி அழுந்துமா, வெளிப்பக்கம் இருக்குமா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். சாக்கு வைக்கும் பாக்கெட் தனியாக, க்யூ அறைகளுக்குத் திறப்பு இல்லாமல் இருக்கட்டும். அதற்கு உள்துணி நீல நிறத்தில் கேளுங்கள், கறை தெரியாது. டிப் தேய்க்கும் கருவி, துணி, மூடிகள் ஆகியவற்றுக்கு இன்னொன்று. மூன்றாவது பாக்கெட் கேட்காதீர்கள். இடம் இருந்தால் எதையாவது போடத் தோன்றும், அந்தப் பக்கம் கனத்து கேஸ் முதுகில் நேராக நிற்காது.

மாதிரித் தையல் முடிந்ததும், தோலை ஒட்டும் முன், ஒருமுறை போய் குழாய்க்கூட்டை மட்டும் தோளில் மாட்டி நடந்து பாருங்கள். பாய் அதற்காகவே என் கேஸை இரண்டு நாள் ஒட்டாமல் வைத்திருந்தார். நடந்து பார்த்ததில் வார் மாட்டும் இடத்தை நான்கு விரல் மேலே ஏற்றவேண்டியிருந்தது.

அடியில் வைத்த ஃபோம் எத்தனை நாள் உழைக்கும்?

சாதாரண ஸ்பாஞ்ச் இரண்டு வருடத்தில் பொடிந்துவிடும். செருப்புக்குப் போடும் ஈவிஏ ஷீட்டை வட்டமாக வெட்டிப் போட்டால் பல வருடம் வரும். எதைப் போட்டாலும் பசை வைத்து நிரந்தரமாக ஒட்டவேண்டாம். மாதம் ஒருமுறை கேஸைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடியைத் தட்டினால், அந்த வட்டமும் அதன் மேல் சேர்ந்த நீலத் தூளும் சேர்ந்தே வெளியே வந்து விழும்.